அந்த எண்களை எங்களை நம்பித்தான் தந்தார்கள்: தலைமையகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிறைவேற்றுப் பணிப்பாளர் அவர்களுக்கும் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் பொறுப்பாளர் அவர்களுக்கும்,

நிறுவனத்தின் மின்னஞ்சலையும் கோப்புகளையும் மேகக்கணிச் சேவைக்கு (இணையத்தின் வழியே இயங்கும் சேவைக்கு) மாற்றிய கையோடு எல்லாக் கள அலுவலகங்களுக்கும் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் மூன்று முடிவுகள் இருந்தன. களப் பணியாளர்களின் அலுவலகத் தொலைபேசிகளில் உள்ள தொடர்பு எண்கள் யாவும் திரட்டப்பட்டு, நிறுவனம் முழுவதற்குமான பொது முகவரிப் புத்தகத்தில் சேர்க்கப்படும் என்பது முதலாவது. களப்பணிக் கோப்புறைகளை நிறுவன மின்னஞ்சல் கணக்கு வைத்திருக்கும் எவரும் திறந்து பார்க்கலாம் என்பது இரண்டாவது. வேலையை விட்டு விலகுபவரின் கணக்கு அவருடைய கடைசி வேலை நாளன்றே அழிக்கப்படும் என்பது மூன்றாவது. கிளிநொச்சியில் இருந்துகொண்டு, எங்களிடம் உதவி தேடி வருகிற மக்களின் வீட்டு வாசலுக்குத் தினமும் போய்வருகிற என்னால் இந்த மூன்றில் ஒன்றையும் ஏற்க முடியவில்லை.

இதைப்பற்றி உங்களுக்கு இருமுறை எழுதிவிட்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, மாற்றப் பணிகள் நிறைவடைந்துவிட்டன, இனித் திருத்தம் செய்வதற்கில்லை என்று ஆங்கிலத்தில் இரண்டு வரிகள் வந்தன. ஆகவேதான் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை நான் எங்கும் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் எங்களிடம் உதவி தேடி வருகிற குடும்பங்கள் எவை என்று வெளியில் உள்ளவர்கள் ஊகிக்க இடமாகிவிடும். வன்னியில் கூட்டுறவுச் சங்கமோ சட்ட உதவி நிலையமோ நடத்துகிறவர்கள் எவராவது இதை வாசித்து, தங்கள் அலுவலக முகவரிப் புத்தகத்தை ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டால் அதுவும் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன், மூன்று மாத ஒப்பந்தத்தில் தரவுப் பதிவுக்கு வந்திருந்த ஒரு தம்பிக்குப் பக்கத்தில் இருந்து நான் வேலை பழக்கிக்கொண்டிருந்தேன். பிரதேச செயலகத்தின் காணி உத்தியோகத்தருடைய எண்ணை எடுக்கச் சொன்னேன். அவர் தொடர்புகள் பக்கத்தைத் திறந்து, தேடும் கட்டத்தில் ஓர் எழுத்தைத் தட்டினார். இரண்டாவது எழுத்தைத் தட்டுவதற்குள் ஆறேழு பெயர்கள் வரிசையாகக் கீழே இறங்கின. மூன்றாவது வரியில் ஒரு பெண்ணின் பெயர், அதனோடு ஒட்டி அவருடைய ஊர், அதன்பிறகு ‘வழக்கு’ என்ற சொல், கீழே தொலைபேசி எண். அந்தத் தம்பியின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. “அக்கா, இவ எங்கட மாமான்ர மகன்ர மனிசியல்லோ? இவவுக்கு என்ன வழக்கு?” என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. தெரிந்த பெயரைப் பார்த்தால் எவரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அந்தப் பெண் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கோரி எங்களிடம் வந்தவர். அந்தக் கட்டளை கோரப்பட்டது அவருடைய கணவருக்கு எதிராக, அதாவது தம்பி சொன்ன அதே மாமாவின் மகனுக்கு எதிராக. அவர் எங்களிடம் வந்தது கணவர் வீட்டில் எவருக்கும் தெரியாது.

‘வழக்கு’ என்ற சொல் பெயரோடு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அதை எழுதியது நான்தான். களத்தில் வேலை செய்கிற எவருடைய தொலைபேசியை எடுத்துப் பார்த்தாலும் பெயர்கள் இப்படித்தான் இருக்கும். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கிற இடத்தில், மோட்டார் சைக்கிளை வீதியோரம் நிறுத்திவிட்டு அழைப்பை எடுக்கும்போது, அழைப்பவர் யார், எந்த விடயமாக அழைக்கிறார் என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அதனால் ஊரைச் சேர்ப்போம், ‘காணி’ என்று சேர்ப்போம், ‘மகன் காணாமல்’ என்று சேர்ப்போம், ‘வழக்கு’ என்று சேர்ப்போம். அது எங்களுக்கு நாங்களே எழுதிக்கொள்ளும் குறிப்பு. தொடர்புகளையெல்லாம் ஒரு கோப்பாக எடுத்து அனுப்புங்கள் என்று உங்கள் பிரிவு கேட்டபோது, காப்புப்பிரதிக்காகக் கேட்கிறீர்கள் என்று எண்ணி நானும் அனுப்பினேன். அதைப் பொது முகவரிப் புத்தகத்தில் ஏற்றப்போகிறீர்கள் என்ற விபரம் பத்து நாட்களின் பின் வந்த சுற்றறிக்கையில்தான் இருந்தது. கேட்காமல் அனுப்பியது என் பிழை. அதை அந்தப் பெண்ணிடமும் சொன்னேன்.

அன்று பிற்பகலே என் தொலைபேசியில் அந்தத் தொடர்பை அழித்தேன். பொது முகவரிப் புத்தகத்தில் அது அப்படியே இருந்தது, ஏனெனில் அங்கே இருப்பது நீங்கள் ஏற்றிய பிரதி. அதை நிர்வாகக் கணக்கு வைத்திருப்பவர் மட்டுமே நீக்க முடியும். கொழும்புக்கு எழுதினேன், அழைத்தேன். திங்கட்கிழமை காலையில்தான் நீக்கினார்கள். நீக்கிய பிறகும் அந்த மாற்றம் எல்லாக் கணக்குகளிலும் தெரிய 24 மணித்தியாலம் வரை எடுக்கலாம் என்று சேவை வழங்குநரின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. இடைப்பட்ட நாட்களில் யாராவது அந்த எண்ணைத் தம் சொந்தப் பட்டியலில் சேர்த்திருந்தால், அங்கிருந்து அதை எடுக்க எந்த நிர்வாகியாலும் இயலாது.

செவ்வாய்க்கிழமை நான் அவரிடம் நேரில் போனேன். தொலைபேசியில் சொல்லக்கூடிய விடயம் அல்ல. முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தவர், நான் சொல்லி முடிக்கும்வரை கை நிறுத்தாமல் பரவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “நான் உங்களுக்குத்தானே மிஸ் நம்பர் தந்தனான். கந்தோருக்குத் தரேல்லையே.” இந்த ஒரு வசனத்துக்கு நான் கொடுக்கக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. அதற்கான பதிலை உங்களிடமிருந்து பெற வேண்டும் என்பதே இந்த மடலின் நோக்கம்.

வன்னியில் ஒரு பட்டியலில் பெயர் இருப்பது சிறிய விடயம் அல்ல என்பதைத் தலைமையகத்தில் இருக்கும் பலர் உணர்ந்திருக்க மாட்டீர்கள். வன்னிக்குள் போகும் வழியில் இருந்த ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பெயர் பதிந்துவிட்டு நடந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2009 இல், போரில் இடம்பெயர்ந்தவர்களுக்காகச் செட்டிகுளத்தில் அமைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமுக்குள் கொண்டுசெல்லப்பட்டு, 2012 செப்டெம்பரில் அது மூடப்படும்வரை எத்தனையோ முறை பதிவு செய்யப்பட்டவர்கள் இருக்கிறார்கள். யார் எழுதுகிறார்கள், எதற்கு எழுதுகிறார்கள், எழுதியது எங்கே போகும் என்று தெரியாமலேயே தங்கள் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் சொல்லிச் சொல்லி அலுத்தவர்கள் இவர்கள். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களுடைய போராட்டத்தில் தங்கள் பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்த தாய்மாரில் சிலருடைய எண்களும் எங்கள் தொலைபேசிகளில் உள்ளன. அப்படிப்பட்ட ஒருவர் தம் எண்ணைச் சொல்வதற்கு முன் எங்களை ஏற இறங்கப் பார்ப்பார், பேனையைப் பார்ப்பார், பிறகுதான் சொல்வார். எனக்கு முதல் எண் கிடைக்க மூன்று மாதங்கள் சென்றன. ஓர் ஊரில் நம்பிக்கை வந்துவிட்டால் அடுத்த வீட்டுக்காரரும் வருவார். போய்விட்டால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும்.

இது சேவையின் குறைபாடு என்று நான் சொல்லவில்லை. நாம் பயன்படுத்துவது கூகிள் வேர்க்ஸ்பேஸ், கூகிள் நிறுவனங்களுக்குத் தரும் மின்னஞ்சல், கோப்புச் சேவை. ஒரு பணியாளர் தம் அலுவலகக் கணக்கில் சேமிக்கும் தொடர்பு அவருக்கு மட்டுமே தெரியும் என்பதுதான் அதன் இயல்பு. அதைத் திரட்டி எல்லோருக்குமாக ஏற்றுவதற்கு ஒருவர் தீர்மானித்துச் செயற்பட வேண்டும். அதைச் செய்தது நாம். அப்படி ஏற்றிய பிறகும்கூட, பொது முகவரிப் புத்தகத்தில் பணியாளர்களின் விபரத்தை மட்டும் காட்டலாம், வெளியார் தொடர்புகளை மறைக்கலாம். பணியாளர்களைக் குழுக்களாகப் பிரித்து, இன்ன குழுவினருக்கு இன்ன பெயர்கள்தான் தெரியும் என்று தனி முகவரிப் புத்தகம் அமைக்கலாம். தற்காலிகப் பணியாளர்களுக்கு முகவரிப் புத்தகமே தெரியாமலும் செய்யலாம். ஒருவர் தம் தொடர்புகளைத் தம்மோடு வேலை செய்கிற இன்னொருவருக்கு மட்டும் கையளிக்கும் வசதியும் உண்டு. நான் கணினி படித்தவள் அல்ல. இவற்றை இரண்டு இரவுகள் வழிகாட்டிகளை வாசித்து அறிந்துகொண்டேன். இவ்வளவு வழிகள் இருக்கும்போது எல்லோருக்கும் எல்லாம் என்ற ஒரே நிலைக்கு நாம் ஏன் போனோம் என்பதற்குச் சுற்றறிக்கையில் ‘வெளிப்படைத்தன்மை’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு விளக்கம் இல்லை. நிறுவனத்தின் கணக்கும் கொள்வனவும் சம்பளப் படியும் வெளிப்படையாக இருக்கட்டும். அடிபட்டு வந்த பெண்ணின் தொலைபேசி எண்ணில் எந்த வெளிப்படைத்தன்மையும் தேவையில்லை.

உங்கள் கவலையையும் நான் அறிவேன். ஒரு களப் பணியாளர் விலகிப் போனால் அவரோடு சேர்ந்து அவர் கட்டியெழுப்பிய தொடர்புகளும் போய்விடுகின்றன, புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது என்று வருடாந்தக் கூட்டத்தில் சொன்னீர்கள். அது உண்மை. பிரதேச செயலகங்கள், கிராம அலுவலர்கள், மாவட்ட வைத்தியசாலை, பொலிஸ் நிலையத்தின் சிறுவர் பெண்கள் பிரிவு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஆகியவற்றின் எண்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டியவை, அவற்றை நானே திருத்தித் தருகிறேன். (அப்படித் திருத்தும்போது பெயர்களைத் தமிழிலேயே எழுத அனுமதியுங்கள். ஒரே உத்தியோகத்தரின் பெயர் ஆங்கில எழுத்தில் நான்கு விதமாகப் பதிந்திருப்பதால், இப்போதைய புத்தகத்தில் அவர் நான்கு பேராக நிற்கிறார், அவர்களில் இருவருக்குப் பழைய எண்.) அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான தொடர்பு ஒன்று, ஒரு மனிசி நம்பிக் கொடுத்த எண் இன்னொன்று. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டதுதான் பிழை.

கோப்புறைகளின் நிலை இதைவிடக் கவலைக்குரியது, ஏனெனில் அங்கே இருப்பது பெயரும் எண்ணும் மட்டுமல்ல. ‘களப்பணி’ என்ற மேல் கோப்புறையை நிறுவனத்தில் உள்ள எல்லோரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டீர்கள். மேல் கோப்புறைக்குக் கொடுத்த அனுமதி, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்புறைக்கும் தானாகவே இறங்கும் என்பதைத் திறந்தவர் யோசித்தாரோ தெரியாது. அதற்குள் மாவட்டங்கள், மாவட்டங்களுக்குள் வருடங்கள், வருடங்களுக்குள் ‘வழக்குகள்’. மருத்துவச் சான்றிதழின் ஒளிப்படம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், சட்டத்தரணிக்கு எழுதிய கடிதம், நான் கையால் எழுதிப் படமெடுத்து ஏற்றிய நேர்காணல் குறிப்பு என்று எல்லாம் அதற்குள் உள்ளன. பாதை தெரியாவிட்டால் அங்கே போகமாட்டார்கள் என்று உங்கள் பிரிவில் ஒருவர் எனக்குச் சொன்னார். பாதை தெரிய வேண்டியதே இல்லை. இந்தச் சேவையின் தேடுதல் கோப்பின் தலைப்பை மட்டும் பார்ப்பதில்லை, உள்ளே எழுதியிருப்பதையும், பல வேளைகளில் படமாக ஏற்றிய தாளின் எழுத்தையும் வாசித்துத் தேடுகிறது. அவர் சொன்ன அன்றே நான் என் கணக்கிலிருந்து, எனக்குச் சம்பந்தமில்லாத வேறொரு மாவட்டத்தின் ஓர் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்தேன். நான்காவதாக வந்த கோப்பின் முதல் வரியிலேயே ஒரு சிறுமியின் வயது இருந்தது. மூடிவிட்டேன். நான் மூடினேன் என்பதால் எல்லோரும் மூடுவார்கள் என்று இருந்துவிட முடியாது.

இனி மூன்றாவது முடிவு. எல்லோருக்கும் தெரியக் கூடாதது இப்படித் திறந்து கிடக்க, எவரும் இழக்கக் கூடாதது எங்களிடமிருந்து பறிபோனது இதனால்தான்.

முல்லைத்தீவு அலுவலகத்தில் ஆறு வருடங்கள் பணியாற்றிய ஓர் உத்தியோகத்தர் வேறு வேலை கிடைத்து விலகினார். காணிப் பத்திரங்களைப் படியெடுத்துச் சேகரிக்கிற வேலை அவருடையது. இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிற மாவட்டத்தில், கையில் மிஞ்சிய காணி உத்தரவுப்பத்திரத்தை வீடு வீடாகப் போய்ப் படமெடுத்து, யாருடைய காணி, எந்தத் துண்டு, யார் பின்னுரித்தாளி (உரியவருக்குப் பின் காணியைப் பெறுபவர்) என்று குறித்து வைத்திருந்தார். அந்தக் கோப்புறையை எங்களோடு பகிர்ந்திருந்தார், நாங்களும் தினமும் அதைத் திறந்து வேலை செய்தோம். ஆனால் அது அவருடைய ‘எனது டிரைவ்’ பகுதியில், அதாவது அவருடைய கணக்குக்கே உரிய கோப்புச் சேமிப்பிடத்தில், இருந்தது. சேவையின் பார்வையில் அதன் உரிமையாளர் அவர்தான், நாங்கள் எட்டிப் பார்க்க அனுமதிக்கப்பட்டவர்கள். கடைசி நாளன்று கணக்கை அழித்தீர்கள். அழிக்கும்போது கோப்புகளை வேறொருவருக்கு மாற்றவா என்று நிர்வாகப் பக்கம் கேட்கும். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் கொடுக்கவில்லை. அழித்த கணக்கை மீட்க 20 நாட்கள் அவகாசம் உண்டு. அது டிசெம்பர் மாதம், அடைமழை, வீதிகளில் தண்ணீர். நாங்கள் நிவாரண வேலையில் இருந்தோம். கோப்புறையைத் தேடிப் போனபோது இருபத்தேழாவது நாள்.

அதன் பின் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு வயதான அம்மாவின் வீட்டுக்கு, அதே பத்திரத்தை மறுபடி படமெடுக்கப் போனோம். உள்ளே போய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து பொலித்தீன் பையொன்றை எடுத்தார். பைக்குள் இன்னொரு பை. அதற்குள் நான்காக மடித்த தாள். மடிப்புகளில் தாள் நைந்து, நடுவில் சந்திக்கும் இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. நீல மையில் எழுதிய துண்டு இலக்கத்தின் கடைசி எண் அந்த ஓட்டையோடு போயிருந்தது. “போன முறையும் வந்து படம் எடுத்தனீங்கள்தானே பிள்ளை?” என்று கேட்டார். போன முறை எடுத்த படத்தில் அந்த எண் இருந்தது. அதை எடுத்தவர் இன்னும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருந்ததால் ஒருவாறு சரிபார்த்துக்கொண்டோம். எல்லாவற்றுக்கும் அவருடைய ஞாபகம் போதாது.

ஒருவரின் கணக்கை அழிக்காமல் இடைநிறுத்தி வைத்தால், அவரால் உள்ளே நுழைய முடியாது, ஆனால் அவர் பகிர்ந்த கோப்புகள் மற்றவர்களுக்குத் திறந்தபடியே இருக்கும். அதைவிட நல்ல வழி, இத்தகைய கோப்புகளைத் தொடக்கத்திலிருந்தே பகிரப்பட்ட டிரைவில் வைப்பது. அங்கே கோப்பின் உரிமையாளர் நிறுவனம். ஆள் வருவார், போவார், கோப்பு இருக்கும். யார் உறுப்பினர், யார் பார்க்க மட்டும், யார் திருத்தவும் என்று பெயர் பெயராகக் குறிக்கலாம். ஒவ்வொரு கணக்குக்கும் சேவை வழங்குநருக்குச் செலுத்தும் உரிமக் கட்டணத்தை மிச்சப்படுத்தவே கணக்கை உடனே அழிக்கிறோம் என்றீர்கள். முல்லைத்தீவில் மறுபடி வீடு வீடாகப் போக நாம் செலவிட்ட எரிபொருளையும் நாட்களையும் அந்தக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு கேட்கிறேன்.

முறைப்பாடுகளுக்கான பொது மின்னஞ்சல் முகவரி பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். உள்நுழையும்போது சரிபார்ப்பு எண் ஒருவருடைய தொலைபேசிக்குத்தான் வரும்; அவர் துணுக்காயில் சிக்னல் இல்லாத இடத்தில் நிற்கும் நாளில் எங்களால் ஒரு முறைப்பாட்டைக்கூடத் திறக்க முடியாது. யார் எதை வாசித்தார், யார் பதில் எழுதினார் என்பதும் தெரியாது. அஞ்சல்பெட்டியை இன்னின்னாருக்குக் கையளிப்பதற்கு ஜிமெயிலிலேயே வசதி உண்டு. கடவுச்சொல் பகிரத் தேவையில்லை, அவரவர் தம் கணக்கிலிருந்தே திறக்கலாம், விலகியவரின் பெயரை மட்டும் எடுத்துவிட்டால் போதும். எங்களோடு சேர்ந்து பணியாற்றும் இன்னோர் அமைப்பு மைக்ரோசொப்ட் 365 பயன்படுத்துகிறது. அங்கே பகிரப்பட்ட அஞ்சல்பெட்டி என்று ஒன்று இருக்கிறது, 50 ஜிகாபைட் வரை தனி உரிமமே தேவையில்லை, அதை முகவரிப் புத்தகத்திலிருந்து மறைத்தும் வைத்திருக்கிறார்கள். பணம் இருப்பவர்களால்தான் இதைச் செய்ய முடியும் என்றில்லை. அவர்கள் எங்களைவிடச் சிறிய அமைப்பு.

சட்டமும் நம் பக்கம் கண்ணை வைத்திருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம், பிள்ளைகள், குற்ற வழக்குகள் பற்றிய விபரங்களைச் சிறப்பு வகைத் தரவுகளாக வைத்துக் கூடுதல் கவனம் கேட்கிறது. நம் ‘வழக்குகள்’ கோப்புறையில் இந்த மூன்றும் இருக்கின்றன. அச்சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் எந்தத் திகதியில் நடைமுறைக்கு வருகிறது என்று எண்ணிக்கொண்டிராமல் இன்றே நடப்பதுதான் நமக்கு அழகு. மேகக்கணியில் இருப்பதால் எதுவும் தொலையாது என்ற எண்ணமும் வேண்டாம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக்கணி மீது கப்பம் கோரி நடந்த தாக்குதலில், மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட அரச மின்னஞ்சல்கள் காப்புப்பிரதி இல்லாமல் போனதை நாம் எல்லோரும் செய்தியில் வாசித்தோம்.

ஆகவே நான் கேட்பவை இவை. களப் பணியாளர்களின் தொலைபேசிகளிலிருந்து எடுத்து ஏற்றிய தொடர்புகள் அனைத்தையும் பொது முகவரிப் புத்தகத்திலிருந்து இந்த வாரமே நீக்குங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குவதற்குக் காத்திருக்க வேண்டாம், முழுவதையும் எடுத்துவிடுங்கள், அலுவலக எண்களை நாங்கள் திரும்பச் சேர்த்துத் தருகிறோம். எங்களிடமிருந்து பெற்ற கோப்புகளின் பிரதிகள் உங்கள் கணினிகளிலும் மின்னஞ்சல்களிலும் கிடக்கின்றன, அவற்றையும் அழித்து, அழித்ததை எழுத்தில் அறிவியுங்கள்.

‘களப்பணி’ கோப்புறைக்குக் கொடுத்த பொது அனுமதியை இன்றே எடுத்துவிடுங்கள். வழக்குக் கோப்புகளை மாவட்டத்துக்கு ஒன்றாகப் பகிரப்பட்ட டிரைவுகளுக்கு மாற்றி, உறுப்பினர்களை அந்தந்த மாவட்டப் பொறுப்பாளர் பெயர் குறித்துத் தர, அதன்படி மட்டும் சேருங்கள். தலைமையகத்தில் எவருக்காவது பார்க்க வேண்டிய தேவை இருந்தால் காரணத்தை எழுதிக் கேட்கட்டும். கோப்புறை திறந்து கிடந்த காலத்தில் வழக்குக் கோப்புகளை எந்தக் கணக்குகள் திறந்தன என்ற பதிவை நிர்வாகப் பக்கத்திலிருந்து எடுத்து மாவட்டப் பொறுப்பாளர்களுக்குத் தாருங்கள். நாம் பயன்படுத்தும் வேர்க்ஸ்பேஸ் பதிப்பில் அந்த வசதி இருக்குமானால் அத்தகைய பதிவுகள் ஆறு மாதங்கள்தான் இருக்கும். ஆகவே இதைப் பிற்போட முடியாது.

தற்காலிகப் பணியாளர்களுக்குத் தனிக் குழு அமைத்து, அவர்கள் வேலைக்கு வேண்டிய பெயர்கள் மட்டும் தெரியும்படி செய்யுங்கள். விலகுபவர்களின் கணக்கை அழிக்காமல் குறைந்தது மூன்று மாதங்கள் இடைநிறுத்தி வையுங்கள். கோப்புகள் யாருக்கு மாற்றப்பட்டன என்று கள அலுவலகப் பொறுப்பாளர் கையொப்பமிட்ட பின்னரே அழியுங்கள். முறைப்பாட்டு முகவரியின் கடவுச்சொல்லை மாற்றி, அதைப் பெயர் குறித்துக் கையளியுங்கள். இனி முகவரிப் புத்தகத்திலோ கோப்புறை அனுமதியிலோ மாற்றம் செய்யும் முன், களத்திலிருந்து ஒருவரையாவது அந்தக் கூட்டத்தில் அமர்த்துங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தப் பெண்ணிடமும், எண் வெளிப்பட்ட மற்றவர்களிடமும் நிறுவனம் நடந்ததைச் சொல்ல வேண்டும். போய்ச் சொல்ல நான் ஆயத்தம். ஆனால் என் வாய்ச் சொல்லாக அல்லாமல் உங்கள் கையொப்பத்தோடு ஒரு கடிதம் வேண்டும். அவருடைய எண் இப்போது எங்கே இருக்கிறது, யார் பார்க்க முடியும், யார் பார்த்திருக்கிறார்கள் என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். அதைத் தமிழில் எழுதுங்கள். வருகிற மாத முதல் வாரத்தில் நீதிமன்றத் தவணைக்கு அவரை அழைத்துச் செல்லப் போகிறேன். அதற்கு முன் அந்தக் கடிதம் என் கையில் கிடைத்தால், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
கிளிநொச்சிக் கள அலுவலகத்தில் பணிபுரியும் உங்கள் உத்தியோகத்தர்களில் ஒருவர்